கணவாயில் நின்ற எண்ணெய் வண்டி

என் தங்கையின் வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் நான் அந்த மலை ஏறினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே ஒப்புக்கொள்வது மரியாதை.

நான் வாகனப் பரிசோதகன். இருபத்தாறு வருடங்களாக லாரிக்கும் பேருந்துக்கும் அடியில் படுத்து எழுந்தவன். ஆபீசில் எனக்குப் பட்டப்பெயர் ‘சுத்தியல்’. ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்ப்பேன் என்பதால் வந்த பெயர் என்பார்கள் முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் வேறு காரணம் சொல்வார்கள். சொந்தக்காரர் வண்டியைப் பரிசோதகன் தொடக் கூடாது என்று விதி உண்டு. மேலதிகாரியிடம் அதை நினைவூட்டினேன். “அது சலுகை காட்டுறவனுக்குப் போட்ட விதிப்பா. நீ உன் தங்கச்சிக்குச் சலுகை காட்டுவியா?” என்று சிரித்தபடி ஃபைலை என் பக்கம் தள்ளினார். நானும் வாயை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டேன்.

தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அவளுக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அப்பா போய்விட்டார். அதன்பின் அவளைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் நான். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், நல்ல சம்பளம். ஆறு வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து என் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு பழைய வேன் வாங்கியிருக்கிறோம், அதில் எண்ணெய் ஆட்டும் இரும்புச் செக்கு ஒன்றைப் பொருத்தப்போகிறோம், மலைக்காட்டில் ஊர் ஊராகப் போய் விதை ஆட்டிக் கொடுப்போம், கூலியாக எண்ணெயே வாங்கிக்கொள்வோம், அந்த எண்ணெயில்தான் வேனும் ஓடும் என்றார்கள். நான் எழுந்து நின்று கத்தினேன்.

“பத்து வருஷம் மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன் மச்சான். ஒரு தடவகூட முன்னால போகல” என்றார் மாப்பிள்ளை. என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தங்கையோடு எனக்குப் பேச்சு என்றால் ஃபோனில் ‘சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு’ என்பதோடு சரி.

இப்போது ஒரு புதிய விதி வந்திருந்தது. எரிபொருளை மாற்றி ஓட்டும் வண்டி எதுவானாலும், பரிசோதகர் ஒருவர் அதில் ஏறி, மலைப்பாதையில் தானே ஓட்டிப் பார்த்துச் சான்று தர வேண்டும். சான்று இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. வண்டி நின்றால் அவர்கள் பிழைப்பும் நின்றுவிடும். ஒரு மாதத்தில் மூட்டை முடிச்சோடு கீழே இறங்கி வந்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் அவளுடைய பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது, விசாரித்தும் வைத்திருந்தேன். என் திட்டம் அவ்வளவுதான். அண்ணன் செய்யும் நல்ல காரியம் என்றே நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீடு இரண்டே அறை. கல்சுவர், தகரக்கூரை. ஒரு அறையில் கட்டில், அலமாரி, புத்தகங்கள். இன்னொன்றில் அடுப்பு. வீட்டைவிடப் பக்கத்துக் கொட்டகைதான் பெரியது. அங்கே வரிசையாகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் சாக்பீஸில் தேதி. உத்தரத்திலிருந்து காற்சட்டைக் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. திடுக்கிட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளையின் பழைய லிஃப்ட் கம்பெனிச் சீருடைகளை வெட்டித் தைத்து வடிகட்டியாக மாற்றியிருக்கிறாள். சாப்பாட்டுக் கடைகள் பொரித்துவிட்டுக் கீழே கொட்டும் எண்ணெய் அந்தக் கால்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தங்கை சின்ன இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அதில் ஒரு துளி விட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தண்ணி கலந்திருந்தா சடசடன்னு கத்தும்ணா. கத்தலன்னா சுத்தம்.”

“ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தவ, இங்க வந்து அழுக்கு எண்ணெயக் கேட்டுட்டிருக்க.”

அவள் கோபப்படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நேராகப் பேசினாள். “இந்தச் சான்று கிடைக்கலன்னா வண்டி இந்தக் கொட்டகையிலேயே நிக்கும். நாங்களும் நிப்போம். அதுக்காக நீ பாக்காம கையெழுத்துப் போட வேண்டாம். நல்லாப் பாரு.” எனக்குச் சுருக்கென்றது. பார்க்காமலேயே முடிவு செய்தவனிடம் அல்லவா நல்லாப் பாரு என்கிறாள்!

வேனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பெரியம்மா. எழுந்திருக்க நேரமாகும், எழுந்தால் ஓயாமல் பேசும் என்றார் மாப்பிள்ளை. இரண்டு டாங்க். சின்னதில் கொஞ்சம் டீசல், பெரியதில் எண்ணெய். டீசலில் கிளப்பி, இஞ்சின் சூடேறியதும் ஒரு குமிழைத் திருப்பினால் எண்ணெய்க்கு மாறும். இஞ்சினின் சுடுநீர் ஓடும் குழாய், எண்ணெய்க் குழாயோடு கூடவே போய் அதை இளக்கி வைக்கும். நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மறுபடியும் டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய குழாய்களுக்குள் எண்ணெய் தங்கிவிடும். குளிரில் உறைந்தும் போகும்.

“எழுப்புறதும் டீசல், தூங்க வைக்கிறதும் டீசல். நடுவுல பூரா எண்ணெய்” என்றாள் தங்கை. ஸ்டியரிங்குக்கு மேலே சிவப்புப் பெயின்டில் ‘நிறுத்தும் முன் திருப்பு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இஞ்சினை நிறுத்தத் தெரியாதவனா நான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பினோம். கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் உள்ள ஊருக்குப் போக வேண்டும். பத்து நாளில் பனி விழுந்தால் பாதை மூடிவிடும், அதற்குள் அங்கே விளைந்ததை ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்றார் மாப்பிள்ளை. பாதிவழியில் ஒரு பண்ணை. சத்தம் கேட்டே வாசலுக்கு வந்து நின்றிருந்தாள் ஒரு பெண்மணி, காலடியில் மூன்று மூட்டை சூரியகாந்தி விதை. மாப்பிள்ளை இஞ்சினிலிருந்து செக்குக்கு பெல்ட்டை மாட்டினார். தங்கை விதையைச் சரித்தாள். ஒரு பக்கம் கறுப்புப் பிண்ணாக்கு நாடா நாடாவாக வந்து விழுந்தது. மறு பக்கம் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துளி, இன்னொரு துளி, அப்புறம் நூல் பிடித்ததுபோல் எண்ணெய்.

அந்தப் பெண்மணி விரலை நீட்டி அந்த நூலைத் தொட்டாள். வருடா வருடம் பார்ப்பவள்தான், ஆனாலும் தொட்டாள். “வந்துடுச்சு” என்றாள், குழந்தை பிறந்த வீட்டில் சொல்வதுபோல. பத்தில் ஒரு பங்கு எங்கள் பீப்பாய்க்கு. ஒரு வாரம் தெளிய வைத்தால் அதுவும் பெரியம்மாவின் வயிற்றுக்குப் போகும்.

நான் வண்டிகளோடு வாழ்ந்தவன். எரிபொருள் என்றால் எனக்கு ஒரு குழாயும் ஒரு வாடையும்தான். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே சரிவில் நின்ற காய்ந்த தண்டுகளைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன். வெயிலையும் மழையையும் தின்று வளர்ந்த ஒரு செடிதான் எங்கள் மூன்று பேரையும் மூன்று டன் இரும்பையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறது. இது ஒன்றும் ரகசியமில்லை, பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

அதற்குமேல் நான் ஓட்ட வேண்டும். விதி அப்படி. மாப்பிள்ளை பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார், தங்கை பின்னால் காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்தாள். வளைவு வளைவாக ஏறினோம். இழுவை குறையவில்லை, புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது. தப்பு கண்டுபிடிக்க வந்தவன் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு நடுவே வண்டி ஓட்டுவது இவ்வளவு சுகமாக இருக்கிறதே என்றும் இருந்தது.

கடைசி வளைவைத் திரும்பினேன். அதற்குமேல் சாலை ஏறவில்லை, மலை முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள் வந்த பள்ளத்தாக்கு முழுவதும் மேகம், எங்கள் காலுக்குக் கீழே. அந்தப் பக்கம் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. அடுக்கடுக்காக மலைகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வெளிறி, கடைசியில் எது மலை எது வானம் என்று தெரியவில்லை. நடுவில் ஒரு பெரிய பறவை சிறகை அசைக்காமல் நின்றது. அதன் முதுகை நான் மேலிருந்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதுவரை எந்தப் பறவையின் முதுகையும் நான் பார்த்ததில்லை. இத்தனை பெரிய இடத்தில் இஞ்சின் சத்தம் போடுவதே அவமரியாதையாகப் பட்டது. கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தது.

இறங்கி விளிம்புவரை நடந்தேன். காற்று கத்தியாக அறுத்தது. அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

எவ்வளவு நேரம் நின்றேனோ, திரும்பிப் பார்த்தபோது இருவரும் வண்டியருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. சிவப்புப் பெயின்ட். கொட்டை எழுத்து. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். பெரியம்மா ஒருமுறை முனகினாள். அடுத்தமுறை அதுவும் இல்லை. குழாய்க்குள் இருந்தது சாப்பாட்டுக் கடைகளின் பழைய எண்ணெய், அந்தக் குளிரில் சோப்புக்கட்டியாக இறுகிவிட்டது. இருபத்தாறு வருட அனுபவம்! என் ஆபீஸ் பியூன்கூட அந்த எழுத்தைப் படித்துவிட்டுக் குமிழைத் திருப்பியிருப்பான்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்குக் கத்தலாம், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

“முதல் தடவ இங்க வந்தப்ப நானும் இதத்தான் பண்ணேன் மச்சான். அதுக்கப்புறம்தான் அத எழுதி வெச்சோம்” என்றார் மாப்பிள்ளை. தங்கை அதற்குள் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரை ஏற்றிவிட்டாள். பழைய துண்டுகளைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு வடிகட்டி, அவளுக்கு இஞ்சின் பக்கம். எனக்கு வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஓடும் நீளக் குழாய். எனக்குப் பழக்கமான இடம்தான். படுத்தபடி குழாயில் துண்டைச் சுற்றிப் பிடித்தேன், ஆறியதும் வாங்கிக்கொண்டு வேறு கொடுத்தாள். மேலே அவள் கை குழாயை அங்கங்கே அழுத்திப் பார்த்துக்கொண்டே நகர்ந்தது. “இது இளகிடுச்சு. இன்னும் ஒரு சாண் இருக்கு” என்று சொல்லிக்கொண்டாள். நாடி பார்ப்பதுபோல அவள் அதைத் தொட்ட விதத்தை அடியிலிருந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன். இவளையா ஆறு வருடம் வீணாய்ப்போனவள் என்று ஊர் முழுக்கச் சொன்னேன்? சான்று கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மலையடியில் எடுத்த முடிவு மலையுச்சியில் தலைகீழாகிவிட்டது. மனசு லேசாகிவிட்டது.

அந்த லேசான மனதோடு துண்டைப் பிரித்தேன். அப்போது கண்ணில் பட்டது.

எண்ணெய்க் குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளிப், பக்கத்தில் போகும் பிரேக் குழாயோடு ஒட்டியிருந்தது. மலைப்பாதைக் குலுக்கலில் அது கொஞ்சம் கொஞ்சமாக உரசி, பிரேக் குழாய் அந்த இடத்தில் காகிதமாகத் தேய்ந்திருந்தது. விரல் வைத்தேன், ஈரம். முகர்ந்தேன். பிரேக் திரவம்தான். ஏறும்போது பிரேக்குக்கு வேலை இல்லை. இறங்கும்போதுதான் வேலை. அந்தப் பக்கம் பதினெட்டு கிலோமீட்டர் இறக்கம்.

மேலே இஞ்சின் உயிர்பெற்றது. மாப்பிள்ளை கைதட்டினார். “வாங்க மச்சான், நேரமாச்சு. கீழ எல்லாரும் காத்திட்டிருப்பாங்க!”

நான் அடியிலேயே கிடந்தேன். வாழ்க்கையில் இப்படி ஒரு சங்கடத்தில் மாட்டியதில்லை. வண்டியை மறுக்க வந்தவன், மனம் மாறிய பிறகு, மறுப்பதற்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். யார் நம்புவார்கள்? ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, மெதுவாக இறங்கினால் தாங்கிவிடுமோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

வெளியே வந்து சொன்னேன். “பிரேக் குழாய் போயிடுச்சு. வண்டி இறங்கக் கூடாது.”

மாப்பிள்ளையின் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது. “போன வாரம்தானே பாத்தேன். நல்லாத்தான இருந்துச்சு.”

“கிளிப்புக்குப் பின்னால இருக்கு. மேலேருந்து தெரியாது.”

“மச்சான், நீங்க என்ன முடிவோட வந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அக்கா ஃபோன்ல எல்லாம் சொல்லிட்டாங்க. சான்று குடுக்காதீங்க, பரவாயில்ல. ஆனா அந்த ஊர்க்காரங்க வருஷம் பூரா விளையவெச்சது இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் இறங்கிடுறோம்.”

அக்கா என்றது என் மனைவியை. ஆக எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் காலையில் எனக்குச் சூடாகச் சாப்பாடு போட்டார்கள், ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்தார்கள். ‘நீங்களே படுத்துப் பாருங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் தங்கை வண்டிக்குள் ஏறினாள். கிளம்பிவிடுவாளோ என்று ஓடிப்போய் முன்னால் நின்றேன். அவள் குமிழை டீசலுக்குத் திருப்பி வைத்தாள். ஐந்து நிமிடம். பிறகு இஞ்சினை அணைத்தாள், இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தாள்.

“கல்லு எடுத்துட்டு வாங்க” என்றாள் கணவரிடம். “சக்கரத்துக்கு வெக்கணும்.”

“நீ குனிஞ்சு பாக்கலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீதான் பாத்துட்டியே.”

“நான் வேற நெனப்போட வந்தவன்மா.”

“என் வாழ்க்கை தப்புன்னு ஆறு வருஷமா சொல்ற. அத நான் நம்பலண்ணா, இனியும் நம்ப மாட்டேன். ஆனா பிரேக்கப் பத்தி நீ பொய் சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியாதா?”

கணவாய் உச்சியில் பார்த்ததைப் பெரிது என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து சக்கரத்தடியில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார்.

வண்டியின் படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். எரிபொருள் அமைப்பு: குறையில்லை. இழுவை: நன்று. பிரேக் குழாய்: தேய்ந்துள்ளது, மாற்றும்வரை ஓட்டக் கூடாது. பதினைந்து நாளில் மறுபரிசோதனை. உரிமையாளர் என் தங்கை என்பதால் வேறு பரிசோதகரை அனுப்பவும். கடைசி வரியை முதல்நாளே எழுதியிருக்க வேண்டும். அவள் படித்துப் பார்த்துவிட்டு, உரிமையாளர் கையெழுத்தைப் போட்டாள். நாளைக்கு வருகிற பேருந்தில் நான் இறங்கிப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வருவதாக ஏற்பாடு.

வெயில் சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே ஏதோ அசைந்தது. மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து குறுக்காக வரும் ஒற்றையடிப் பாதையில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஐந்தாறு பேர், பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. ஒவ்வொருவர் முதுகிலும் மூட்டை. மலைமேல் இஞ்சின் சத்தம் கேட்டதையும் பிறகு நின்றுபோனதையும் கீழேயிருந்து கவனித்திருக்கிறார்கள். வண்டி இறங்கவில்லை என்றதும் விதையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். கல் வைத்த சக்கரத்தோடு வண்டி நின்றது, இஞ்சினைக் கிளப்பி பெல்ட்டை மாட்டினால் செக்கு ஓடும். அதற்குப் பிரேக் எதற்கு? அவ்வளவு உயரத்துக்கு, அவ்வளவு பாரத்தோடு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு அவர்கள் வருவதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

முதலில் வந்து மூட்டையை இறக்கியவர் பனியனைப் பிழிந்தபடி கேட்டார். “என்னம்மா ஆச்சு பெரியம்மாவுக்கு?”

“பிரேக் சரியில்ல. இறங்கினா ஆபத்து” என்றாள் தங்கை.

“யாரு சொன்னது?”

விதையைச் சரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். ஆறு வருடத்தில் என்னை யாருக்கும் அறிமுகப்படுத்தியதில்லை அவள். நான் அதற்கு இடம் கொடுத்ததும் இல்லை.

“எங்க அண்ணன்” என்றாள்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அது போதும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.